உப்புப் பிடிக்காத பூட்டு

உன் கேமரா டிரைபாட் என் வீட்டு முன்னறையில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் உன் தம்பி மனைவி கொண்டுவந்து வைத்தாள். "மதினி இத ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாவ" என்றாள். அவள் போன பிறகு துணிப்பையின் ஜிப்பை இழுத்தேன். உப்பளத்து வாடை வந்தது. காய்ந்த சேறும் உப்பும் வெயிலும் கலந்த வாடை. உடனே மூடிவிட்டேன். துக்கம் ஒரு புறம் இருக்க, எனக்குக் குழப்பமாகவும் இருந்தது. கெட்டுப்போனது என்று நீயே ஒதுக்கிவைத்த பொருளை எனக்கு ஏன் விட்டுப்போனாய்?

என் கணவர் இறந்த பிறகு நான் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தபோது, உன் பழைய கேமராவை என் மடியில் வைத்துவிட்டு, "ஏளா, எந்திரி. பூநாரை வந்திருக்கு" என்றாய். 'ஏளா' என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது என்று கான்வென்டில் படித்த நாளிலிருந்தே உனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிடுவாய். தருவைகுளம் போகும் சாலையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்துபோவோம். கடற்காற்றில் டிரைபாட் சாய்ந்துவிடும் என்று அதன் நடுவில் இருக்கும் கொக்கியில் ஒரு பையைத் தொங்கவிடுவாய். மற்ற ஊர்க்காரர்கள் அதில் மணலோ கல்லோ போடுவார்கள். நீ வரப்பில் குவித்திருந்த அம்பாரத்திலிருந்து உப்பை அள்ளிப் போட்டாய்.

"உலோகத்துக்குப் பக்கத்தில் உப்பை வைக்கலாமா? கெமிஸ்ட்ரி படித்தவள்தானே நீ?" என்று கேட்டேன்.

"நானும் ஒன்கூட ஒரே பெஞ்சுலதான இருந்து படிச்சேன். எல்லாம் தெரியும். இங்கன உப்ப விட்டா வேற என்னளா கெடக்கு?" என்று சிரித்தாய். அளத்தில் வேலை செய்த பெண்களும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு காலையில், டிரைபாட்டின் கால்களை நீட்டுவதற்காக அதன் வளையப் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. நீ சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். என் கையிலிருந்து வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, முனகி முனகித் திருகினாய். "உப்புப் புடிச்சிட்டுளா. இனி இது தொறக்காது. எந் தோளு இருக்குல்லா, அதுல வச்சி எடு" என்றாய். நான்தான் அப்போதே சொன்னேனே என்ற திருப்தி எனக்கு. அன்றிலிருந்து நீ எனக்கு முன்னால் குனிந்து நிற்பாய். உன் தோளில் லென்ஸை வைத்து, உன் மூச்சு அடங்கக் காத்திருந்து எடுப்பேன். படங்கள் தெளிவாக வந்தன.

இப்போது தெளிவாக வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளுக்கு ஒரு படம் அனுப்புவது வழக்கம் என்று உனக்குத் தெரியும். நீ போன பிறகு அனுப்பிய எல்லாப் படங்களிலும் பறவைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. "அம்மா, மறுபடியும் படம் ஆடியிருக்கு. கை நடுங்குதா?" என்று சென்னையிலிருந்து கேட்டாள். லென்ஸ் பழசு என்றேன். அவள் நம்பவில்லை. கை நடுங்குகிறவள் அடுப்படியில் தனியாக நிற்கக்கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறாள். வேறு யாரையும் பற்றிச் சொல்லியிருந்தால் நானே அதை நியாயம் என்பேன். ஆனால் இந்த வீட்டில் என் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அங்கே போனால் நான் விருந்தாளி.

ஆகவே நல்ல டிரைபாட் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். வி.இ. ரோட்டில் உள்ள ஒரு கேமரா கடைக்குப் போனேன். உன்னுடையதையும் ஆட்டோவில் எடுத்துப்போனேன், அதேபோல ஆடாமல் நிற்பது வேண்டும் என்று காட்டுவதற்காக.

"வாங்க ஆச்சி. யாருக்குப் பாக்குதிய? பேரனுக்கா?"

"எனக்கு."

கடைக்கார அண்ணாச்சி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கையடக்கமான ஒன்றை எடுத்து நீட்டினார். "இத தூக்கிப் பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கும்."

"பஞ்சு கடற்காற்றில் நிற்குமா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கால்களை முழுவதும் நீட்டச் சொன்னேன். மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஒரு காலில் ஐந்து அடுக்கு. கடைசி அடுக்கு பென்சில் பருமன்கூட இல்லை. டிரைபாட்டின் தலையைப் பிடித்து லேசாகத் திருகியதும் மொத்தமும் முறுக்கிக்கொண்டது. அடுத்ததில் நடுத்தண்டை உயர்த்தினால்தான் என் கண்ணுக்கு எட்டியது. "நடுக்குச்சிய ஏத்தாத. ஏத்துனா அது மூணு காலு இல்ல, ஒத்தக் காலு" என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். நீ சொன்னாய் என்று சொல்லவில்லை. மூன்றாவதாகக் கார்பன் ஃபைபரில் ஒன்று காட்டினார். கனமும் இல்லை, ஆட்டமும் இல்லை. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தேன்.

"அந்தப் பையில என்ன ஆச்சி?"

"பழசு. உப்புப் பிடித்துவிட்டது. திறக்காது."

அவர் உன் டிரைபாட்டை எடுத்தார். கொக்கியைச் சுற்றி வெள்ளை படிந்திருந்தது. பேசிக்கொண்டே ஒரு காலின் பூட்டைத் திருகினார். காலை இழுத்தார். மற்ற இரண்டையும் திருகி இழுத்தார். என் முன்னால் அது முழு உயரத்துக்கு நின்றது.

"நல்லாத்தான இருக்கு? கொக்கிலதான் கொஞ்சம் அரிச்சிருக்கு. பூட்டுல ஒண்ணுமே இல்ல ஆச்சி. இந்தக் காலத்துல இவ்வளவு கனமா எவன் செய்யுதான்? இத வச்சிக்கிட்டா புதுசு பாக்க வந்திய?"

அவர் மூடித் தந்ததை வாங்கி நானே திருகிப் பார்த்தேன். என் விரல்கள் வளையத்தின்மேல் வழுக்கின. நடுக்கம் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். வளையம் அசையவே இல்லை. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

கெட்டுப்போனது டிரைபாட் இல்லை. உனக்கு அது அன்றைக்கே தெரியும். நான் தலைகுனியக்கூடாது என்பதற்காக, நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி, அதன் இடத்தில் நீயே நின்றாய். உன் முழங்கால் வலியோடு நின்றாய். எனக்கே என் கையைப் பற்றி உறுதியாகத் தெரியாத காலம் அது. சாகும்போது இதை எனக்கு அனுப்பச் சொன்னாயே, எனக்குத் தெரிந்துவிட வேண்டும் என்றா? இல்லை, நான் கடைசிவரை திறந்து பார்க்கமாட்டேன் என்ற நம்பிக்கையா? கேட்பதற்கு நீ இல்லை. இதில் எனக்கு உன்மேல் கோபமும் உண்டு.

"திருகுகிற பூட்டு வேண்டாம் அண்ணாச்சி. நெம்பித் திறக்கிற மாதிரி காட்டுங்கள்" என்றேன். வெயிலில் பெட்டி வெளுத்துப்போன ஒரு பழைய மாடலைத் தூசி தட்டி எடுத்தார். அலுமினியம். காலுக்கு மூன்றே அடுக்கு. பூட்டு கிளிப் போல இருந்தது. விரலே தேவையில்லை, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளினால் திறந்தது, அழுத்தினால் மூடியது. நடுத்தண்டை ஏற்றாமலே என் கண்ணுக்கு எட்டியது. கனம்தான். ஆனால் சாலையிலிருந்து வரப்புவரை என்னால் தூக்க முடியும் என்று கடைக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அளத்துக்குத் தனியாகப் போனேன். கொக்கியில் தொங்கவிடுவதற்கு வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். படம் கூர்மையாக வந்தது. ஒரு பூநாரையின் அலகிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அம்மா, படம் ஆடவே இல்லயே! கை சரியாயிட்டா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் வாங்கினேன். அந்தச் சொல் நாக்குவரை வந்தது.

"கை நடுங்கத்தான் செய்யுது. டிரைபாட் வாங்கியிருக்கேன்" என்றேன்.

"எப்பலருந்து? யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சவ போயிட்டா."

"நான் வாரேன்மா. சனிக்கிழம வாரேன்."

"பெட்டி கட்ட வாரியா, பாக்க வாரியா?"

"மொதல்ல பாக்க வாரேன்."

அந்த 'மொதல்ல' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொன்னது சரியா, வீட்டை நானே கைவிட்டுவிட்டேனா என்று இன்னும் தெரியவில்லை. சனிக்கிழமை அவளை அளத்துக்குக் கூட்டிப்போவேன். அவள் கண் முன்னால் பூட்டுகளை ஒவ்வொன்றாக இந்தக் கையாலேயே திறப்பேன். நேரம் ஆகும். ஆகட்டும். உதவிக்கு வந்தாலும் தடுக்கமாட்டேன், வராமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் தப்பில்லை. பார்த்தும் பார்க்காததுபோல அவள் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டேன். அது எனக்கு உன் ஒருத்தியிடம்தான் கிடைத்தது. நீ போன பிறகுதான் அது கிடைத்ததே தெரிந்தது.