கிணறு மூடிய ராஜாவும் என் முதுகும்

மார்ச் 4

என் மகளின் யோசனையை ஒருவன் திருடிவிட்டான்.

அவள் பார்க்கும் தொடரில் ஒரு ராஜா தன் நகரத்துக் கிணறுகளையெல்லாம் மூடி, ஜனங்களைத் தாகத்தில் சாகவிடுகிறான். அவனுக்கு ஏன் பைத்தியம் பிடித்தது என்று தொடரில் சொல்லவில்லை. மகள் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வீடியோ போட்டாள். ராஜாவின் கொள்ளுப்பேரன் காலத்தில் பின்னோக்கி வந்து, 'கிணத்துல விஷம் கலக்கப் போறாங்க' என்று காதில் எச்சரிக்கிறானாம். ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்டுக் கேட்டே ராஜாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். காப்பாற்ற வந்தவனே கெடுத்தான்.

அதை நேற்று மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன், தன் மண்டையில் உதித்ததுபோல் தன் வீடியோவில் பேசியிருக்கிறான். அவனைப் பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில். இவள் பெயரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 5

அவள் விளக்கம் சுத்த அபத்தம். ராஜாவுக்குப் பைத்தியம் பிடிக்க எதிர்காலத்திலிருந்தா ஆள் வரவேண்டும்? பக்கத்தில் நின்று ஓதுகிறவன் ஒருத்தன் போதாதா? எத்தனை முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்!

"ஊரையே கொன்னுட்டு, குரல் கேட்டுச்சுன்னா விட்டுடுவாங்களா?" என்றேன்.

"தப்பு யாருதுன்னு நான் சொல்லலப்பா. எப்படி நடந்துச்சுன்னுதான் சொன்னேன்."



சரி, அபத்தமாகவே இருக்கட்டும். அவள் சரக்கு அது. கேட்காமல் எடுத்தவன் திருடன்.

மார்ச் 6

மகள் எழுதிக் கேட்டதற்கு அந்தக் கண்ணாடிக்காரனிடமிருந்து பதில்: 'ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரலாம், தங்கச்சி.'

தங்கச்சியாம்!

மார்ச் 8

திரைச்சீலைத் துணி வியாபாரத்தில் இதெல்லாம் பழக்கம். என் பூப்போட்ட ரகம் ஒன்றில் ஒரு இலை தலைகீழாக விழுந்துவிட்டது. அச்சுப் போட்டவன் பிழை. திருத்தாமல் விட்டேன். எதிர்க்கடையில் வந்த துணியிலும் அதே இலை தலைகீழ்! ஆள் மாட்டினான். நல்ல யோசனை யாருக்கும் வரும். ஒரே தவறு இரண்டு பேருக்கு வருமா?

அதனால் இரண்டு வீடியோவையும், தொடரில் ராஜா ஏதோ குரல் கேட்டு மிரளும் காட்சியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "கடையில துணி உதறிப் பாக்கற மாதிரியே பாக்கறீங்களே" என்றாள் என் மனைவி.

கிடைத்தது! குரல் கேட்கும்போது ராஜா அறையில் தனியாக இருந்தான் என்கிறாள் மகள். கண்ணாடிக்காரனும் அப்படியே சொல்கிறான். ஆனால் தொடரில், ஜன்னலோரம் ஒரு வேலைக்காரன் குத்துக்கல் மாதிரி நிற்கிறான்.

"இவன எப்படிம்மா விட்டே?"

"நானா விட்டேன்? டீவி முன்னாடி நின்னுக்கிட்டு போன்ல லாரிக்காரர திட்டிட்டிருந்தீங்க. பாதி டீவியில உங்க முதுகுதான் தெரிஞ்சுது!"

அப்படியானால் — கண்ணாடிக்காரன் வீட்டுக்கு என் முதுகு எப்படிப் போனது?

மார்ச் 9

இதைக் காட்டினால் திருட்டு அம்பலம். ஆனால் அவள் விளக்கமும் ஆட்டம் காணும். அந்த வேலைக்காரனே ஓதியிருக்கலாமே.

"என் தப்ப நானே ஊருக்குச் சொல்லணுமாப்பா?" என்றாள். உன் சரக்கு, உன் இஷ்டம் என்றேன். எனக்கானால் அவன் சட்டையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அவளே புது வீடியோவில் பேசினாள். வேலைக்காரனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு: "நான் இவன கவனிக்கல. எங்கப்பா மறைச்சுட்டாரு. அண்ணனும் கவனிக்கல. அவருக்கு யார் மறைச்சாங்க?"

மார்ச் 10

ஊரே அவனிடம் அதைத்தான் கேட்கிறது. 'அண்ணே, யாருண்ணே மறைச்சது?'

மார்ச் 11

கண்ணாடிக்காரன் போன் செய்தான். "சார், தெரியாம நடந்துடுச்சு…"

"எங்கிட்ட ஏன் சொல்றே? தங்கச்சிகிட்ட பேசு" என்று மகளிடம் கொடுத்தேன்.

அவள் பேரம் பேசியதைக் கேட்டேன். ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை. நானாக இருந்தால் கத்தியே கெடுத்திருப்பேன்.

முடிவானது இது. அவன் வீடியோவின் தொடக்கத்தில் இவள் பெயர் வரவேண்டும். அதில் வரும் வருமானத்தில் பாதி இவளுக்கு. வேலைக்காரனைப் பற்றிய அடுத்த வீடியோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இவளே பேசுவாள்.

எங்களுக்குள் தனி ஒப்பந்தம். பக்கத்தில் நின்று ஓதுகிறவன் என்ற இடம் வரும்போது, 'இது எங்கப்பா சொன்னது' என்று அவள் சொல்லவேண்டும். பதிலுக்கு, தொடரின் கடைசிப் பாகம் முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது. போன் அவள் கையில்.

ஒப்புக்கொண்டேன்.