யாரும் இல்லையென்றால் பேசுவது யார்?

“யாரும் இல்லன்னா, இப்போ பேசுறது யாரு லா?”

தோழி, என் வீட்டு வாசலில் நின்று நீ ஒருநாள் கேட்ட கேள்வி. இந்த வாரம் அது என்னைத் தூங்கவிடவில்லை. மகளை வீடியோவில் அழைத்திருந்தேன். மருமகனுக்கு டப்ளினுக்கு மாற்றலாகி, பெட்டாலிங் ஜெயாவில் பார்த்த மருந்தாளர் வேலையை விட்டு அவருடன் போனவள்.

“வீட்ல யாரும்மா இருக்கா?” என்றேன்.

“யாரும் இல்லம்மா,” என்றாள்.

திரையில் அவள் முகம் இருந்தது. பின்னால் பகலிலும் விலக்கப்படாத திரைச்சீலை.

நீ இறந்து இரண்டு கிறிஸ்மஸ் ஆகிறது. கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு என்னைப் பார்க்க நீ வரும் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் அதே பதிலை முதலில் கேட்டோம். பக்கத்து வீட்டில் மதுரையிலிருந்து வந்த கவிதா. கணவனுக்கு இங்கே மலேசியாவில் வேலை. அவளுக்கு உடன் தங்க மட்டும் அனுமதி. பார்சல்காரர் கதவைத் தட்டி, “வீட்ல யாராச்சும் இருக்காங்களா?” என்றார். உள்ளேயிருந்து அவள், “யாரும் இல்லீங்க,” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோய் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

கதவு பாதி திறந்தது. “அவர் இல்லைன்னு சொல்ல வந்தேன், ஆன்டி.”

“சரி, நீ இருக்கியே, அது போதும். எஸ்கலேட்டர்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும்மா. சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றியா?”

அவள் உள்ளே போனதும் நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். “உனக்கா தலை சுத்துது? என்னா புளுகு!”

“எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லும், டீச்சரே. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

கப்பல் கம்பெனியில் இருந்த கணவருடன் வெளிநாட்டில் கழித்த வருடங்களைப் பற்றி நீ என்னிடம் பேசியது அவ்வளவுதான். நான் மேலே கேட்கவில்லை.

வகுப்பில் வருகை எடுக்கும்போது, முன் பெஞ்சில் இருக்கும் பிள்ளையே தன் பெயரைக் கேட்டு “வரலை டீச்சர்” என்றால் எப்படி இருக்கும்? கவிதா அப்படித்தான் இருந்தாள். பிறகு சனிக்கிழமைகளில் நீ கிளம்புவதற்கு முன்பே தலைவாரி, செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். உன்னை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில் பூக்கடை அக்காவோடு பழக்கமானாள். “அந்த ஆன்டிக்கு நான் இல்லேன்னா ஆகாது,” என்று என்னிடமே பெருமையடித்தாள். அழுத நாட்களும் இருந்தன. சுவர் மெல்லியது, எனக்குக் கேட்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீயும் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது என் மகள். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர் இல்லை. அழுதால் எனக்குக் கேட்காது. ஒவ்வொரு முறையும் “நல்லா இருக்கியா?” என்றே கேட்டு வந்தேன். “நல்லா இருக்கேம்மா” என்றே அவளும் சொல்லி வந்தாள்.

அந்த அழைப்புக்கு மறுநாள் உன்னைப் போல ஆரம்பித்தேன். “நான் அங்கே வரணும்னு இருக்கேன். முட்டிவலிக்காரி. நடக்கிற வழியில உட்கார பெஞ்சு இருக்கான்னு நடந்து பார்த்துச் சொல்லு.”

“நிஜமா வர்றீங்களா?” குரல் கொஞ்சம் ஏறியது.

உன்னுடையது புளுகு. என்னுடையது அந்த நிமிடமே உண்மையாகிவிட்டது. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று ஒரு படம் வந்தது. மழையில் நனைந்த பெஞ்சு, அதன்மேல் அவள் குடை. கீழே, “இந்த உயரம் போதுமாம்மா?” ஒரு பெஞ்சை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அவள் வெளியே போயிருக்கிறாள். “கொஞ்சம் தாழ்வு, வேற பாரு,” என்று பதில் போட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வழிதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: துணையின் வேலைக்காக ஊர்விட்டுப் போன ஒருவரை இன்று கூப்பிடுங்கள், நலமா என்று கேட்காமல், உங்களுக்காக ஓர் உதவி கேளுங்கள்.