ஃபிரிட்ஜ் சுற்றறிக்கை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் மேலாளராக இருந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பத்து மணிவரை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கேட்டால், "எழுந்து என்னடி பண்ணப் போறேன்?" என்கிறாள். காபியை வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று மானம் போயிற்று. என் பொறியைப் பயன்படுத்தும் மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் எழுதியிருந்தார். பொறி என்றால் வேறொன்றுமில்லை, அசல் கணினியைப் போல நடிக்கும் போலி. நேர்மையானவர் யாருக்கும் அதில் வேலை கிடையாது. கணினித் திருடன் எவனாவது தொட்டால் மணி அடிக்கும். அவன் அங்கே மேயும் நேரத்தில் இவர் மற்றக் கதவுகளை அடைத்துவிடலாம். சென்ற வாரம் வந்தவனோ ஆறே விநாடியில் போலி என்று கண்டுகொண்டு அசல் பக்கம் போய்விட்டான். ஒரு நாள் முழுக்க ஆய்வகம் முடங்கிக் கிடந்திருக்கிறது.

காரணம் நான்தான். சோதனைக்காகப் பொறிக்கு வைத்த பெயரையும் மூன்று மாதிரிக் கோப்புகளையும் எடுக்க மறந்திருக்கிறேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்த நிரல் — நாலு வருடமாக எல்லாப் பொறிகளுக்கும் ஒரே முகம். இது கூடவா தெரியவில்லை எனக்கு?

அவர் திட்டவில்லை. "மாதக் கடைசிவரை பார்க்கிறேன், சரிவராவிட்டால் எடுத்துவிடுவேன்" என்று எழுதி, திருடன் எதையெதைத் தொட்டான் என்ற பதிவுகளை முழுதாக அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர்.

மார்ச் 9, திங்கள்

இனி ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு பெயர். நிரலைப் பொதுவில் பார்த்த முகம் தெரியாத ஒருவர், நான் கேட்காமலே, பாதி வேலையை முடித்து அனுப்பியிருந்தார். நன்றி எழுதினேன். பதிலுக்கு இன்னும் இரண்டு திருத்தங்கள் வந்தன.

மார்ச் 11, புதன்

திருடனைப் பொறிக்குள் நிறுத்திவைக்கும் போலிக் கோப்புகள் எழுத எனக்கு வரவில்லை. பின்னால் நின்று படித்த அக்கா கேட்டாள்: "இது என்ன ஆபீஸ்டி? ஒருத்தர்கூட சண்டை போடல. யாரும் லீவு கேக்கல. எவன் நம்புவான்?"

"அப்ப நீயே எழுதேன்." எரிச்சலில்தான் சொன்னேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 14, சனி

பெயர் எழுதாத டப்பாக்கள் வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகும் என்று அக்கா எழுதிய ஒரு ஃபிரிட்ஜ் சுற்றறிக்கை. அதற்கு மருந்தகத்தின் ஆட்சேபம். ஆட்சேபத்துக்கு விளக்கம். வரவேற்பறையில் காணாமல் போன நாற்காலி பற்றி நாலு பேர் நாலு கடிதம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

எல்லாருக்கும் கொடுக்கலாமே என்றாள். முடியாது, பொதுவில் வைத்தால் திருடனும் படித்துவிடுவான். நிரல் எல்லாருக்கும், இரையாக வைக்கும் போலிக் கடிதங்களை அவரவர் வீட்டில்தான் சமைத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டியில் அப்படியே எழுதினேன். அக்காவின் கடிதங்கள் மருத்துவமனைக்கு மட்டும் போயின.

மார்ச் 20, வெள்ளி

யாரும் வரவில்லை. திருடனுக்காகக் காத்திருக்கும் பிழைப்பு.

மார்ச் 27, வெள்ளி

வந்தான். நாற்பத்தொரு நிமிடம் பொறிக்குள்ளேயே இருந்திருக்கிறான். அதற்குள் பொறுப்பாளர் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டார். ஆய்வகம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "பொறி இங்கேயே இருக்கட்டும். கடிதங்களை எழுதியவருக்கு என் வணக்கம்" என்று எழுதியிருக்கிறார். அழுதுவிட்டேன். அவருக்கு, அந்த முகம் தெரியாதவருக்கு, என் அக்காவுக்கு — எத்தனை பேர் கை கொடுத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "ஃபிரிட்ஜ் சுற்றறிக்கைய முழுசா படிச்சானா?"

பதிவைப் பார்த்தேன். மூன்று முறை திறந்திருக்கிறான்.

திரையை அவளே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் ஃபிரிட்ஜ்ல இதையேதான் ஒட்டியிருக்கேன்டி. ஒருத்தர்கூட நின்னு படிச்சதில்ல."

மார்ச் 30, திங்கள்

ஏழு மணிக்கு எழுந்து வந்தால் என் மேஜையில் அக்கா. தலை வாரி, கைக்கடிகாரம் கட்டியிருக்கிறாள். நாற்காலி விவகாரத்தில் ஐந்தாவது கடிதம் ஓடுகிறது. எட்டிப் பார்த்தேன்.

"காபி வச்சிட்டுப் போ," என்றாள், திரும்பாமலே. "வேலை நேரம்."