கணக்கில் சேராத பீரோ

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கையும் மூச்சு விட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே, சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. வலது கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, எப்படி என்று பிறகு சொல்கிறேன். நான் சொல்வதை அப்படியே எழுது, திட்டினால் திட்டையும் சேர்த்து எழுது என்று சொல்லியிருக்கிறேன். வாய் திறந்து பேசத்தான் இவளுக்குக் கூச்சம், எழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், அது உனக்கு நினைவிருக்கும். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. போனை எடுக்காதவன் கடிதத்தையாவது பிரிப்பாய் என்றுதான் இந்த வேலை.

என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்கிறார்கள். இருபத்தாறு வருடம் அந்தப் பம்பு கம்பெனி ஸ்டோரில் சாவி வைத்திருந்தவள், போன வாரம் வாசல் காவலாளியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போங்கக்கா, நான் ஒண்ணும் பாக்கல" என்றார். அவருக்கு இருந்த வெட்கம் வேறு யாருக்கும் இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய அறிக்கையை மேனேஜர் எனக்குப் படித்துக் காட்டினார். "ஸ்டோர் கீப்பர் முறையை மீறிச் சரக்கைப் பதுக்கி வைத்ததே உற்பத்தி நின்றதற்குக் காரணம்." இதுதான் அந்த வரி. கீழே உன் கையெழுத்து, பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுப்பாயே, அதோடு. அவர் படித்து முடித்துவிட்டு, "உங்க பையனே எழுதியிருக்கார், நான் என்ன பண்றது?" என்றார். நல்லாப் படிக்க வச்சேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள். நீ தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு புது முறை என்று அனுப்பினாய். மூன்று மாதச் சரக்கு அலமாரியில் தூங்கக் கூடாது, ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு நீலப் பெட்டி, ஒரு பெட்டிக்கு மூன்று நாள் சாமான், ஒன்று காலியானதும் அதன் அட்டையைக் கொக்கியில் மாட்டினால் மூன்று நாளில் லாரி வந்துவிடும், அதற்குள் இரண்டாவது பெட்டி ஓடும். சுவரில் ஒரு போர்டு, சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது, சாமான் இல்லாமல் வேலை எத்தனை மணி நேரம் நின்றது, நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. கேட்க எவ்வளவு அழகு. ஆனால் பம்பில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் சீல் கொண்டுவரும் லாரி ஒரு நாளும் மூன்று நாளில் வந்ததில்லை, ஐந்து நாள் ஆகும். அது எனக்குத் தெரியும், லாரிக்காரனுக்குத் தெரியும், ஸ்டோர்ப் பூனைக்குக்கூடத் தெரியும். உன் போர்டில்தான் அதற்கு ஒரு கட்டம் இல்லை. மிச்சச் சீல்களையெல்லாம் திருப்பி அனுப்பு என்றபோது நான் அனுப்பவில்லை, பின்னறையில் இருந்த இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். இரண்டு பெட்டியும் காலியாகி லாரி வராத நாளில் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போர்டு ஒரு வருடத்துக்கு மேல் பச்சையாகவே இருந்தது. ஃபிட்டர் அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "யக்கா, பச்சை பூராவும் உங்க பீரோவுல இருந்துதான் வருது" என்று சிரிப்பார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவளை வைத்துப் பொய் எழுதின மாதிரி ஆகும். முதல் மாதமே ஒரு நாள் வேலை நிற்கட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். போர்டு சிவந்திருக்கும், ஏன் என்று கேட்டிருப்பார்கள், லாரி ஐந்து நாள் என்பது அன்றைக்கே வெளியே வந்திருக்கும், பெட்டியை அதற்குத் தக்கபடி பெரிதாக வைத்திருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. உங்க பையன் கொண்டுவந்த முறை, உங்க பையன் கொண்டுவந்த முறை என்று எல்லாரும் சொல்லும்போது, அதில் சிவப்பு விழ நானே எப்படி விடுவேன். உன் முறைக்கு நான் முட்டுக் கொடுத்தேன். முட்டுக் கொடுத்தது சுவருக்குத் தெரியவில்லை, தானே நிற்பதாக நினைத்துக்கொண்டது.

ஆனால் உனக்குத் தெரியும். போன வருடம் கணக்கெடுப்புக்கு முந்தின வாரம் நீ வந்தாய், பின்னறைக்கு வந்து பீரோவைத் திறந்து பார்த்தாய். திட்டுவாய் என்று பயந்தேன். நீ என் தோளில் கை போட்டு, "அம்மா, நீ பெரிய ஆளும்மா, இது பாட்டுக்கு இருக்கட்டும், யார் கிட்டயும் மூச்சு விடாதே" என்றாய். ஒரு சீட்டில் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டாம் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நீயே கதவில் ஒட்டினாய். எண்ண வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அந்தப் பச்சையைக் காட்டித்தான் உனக்குப் பதவி உயர்வு. அந்தப் பச்சையைக் காட்டித்தான், இன்னும் குறைக்கலாம் என்று பெட்டியைப் பாதியாக்கினீர்கள். அந்த முடிவெடுத்த கூட்டத்தில் பீரோ இருப்பது தெரிந்த ஒரே ஆள் நீதான், நீ வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரத்தில் பீரோ காலி. அப்புறம் மூன்று நாள் பம்பு பொருத்தும் மேசைகள் சும்மா கிடந்தன, பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது, மேசையில் வேலை பார்த்த ஆறு பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தி தெருவில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் மாறிப் போகிறாள். அவள் போகட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது.

காலி பீரோவை ஆட்கள் சாட்சிப்பொருள் மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் அந்தச் சீட்டை உரிக்கப் போனேன், அவசரத்தில் கதவு சாத்தி விரல் நசுங்கியது. கட்டின் கதை அதுதான். சீட்டு முழுசாக வந்துவிட்டது, நகம்தான் போனது. வியாழக்கிழமை விசாரணையில் கண்ணாடி போட்ட அதிகாரி, "இது வேற யாருக்காவது தெரியுமாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். நல்ல மனிதர். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி முடிவு சொல்வார்கள். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது பதுக்கல்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வருவேன், போகட்டும். சீட்டை இந்த உறைக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கையெழுத்து உன்னிடமே இருக்கட்டும். கிழித்துப் போடு, இல்லை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள். இதுக்கு மேல் உனக்குக் கொடுக்க என்னிடம் எந்தப் பீரோவும் இல்லை.

ஈரக் காலோடு சாக்ஸ் போடாதே, உனக்குச் சளி அதில்தான் பிடிக்கும். நாளைக்கு உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் சரக்கு எத்தனை நாள் என்று கேட்கும்போது, லாரி எத்தனை நாள் என்றும் ஒரு வார்த்தை கேள். பெற்றவள் வாயால் உன்னைச் சபிக்க வரவில்லை, எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன். நன்றாக இரு. நீண்ட நாள் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா.

அண்ணா, இதற்குக் கீழே நான் எழுதுவது. அம்மா படுக்கப் போய்விட்டாள். சீட்டை உறைக்குள் வைத்துவிட்டாயா என்று கேட்டாள், வைத்துவிட்டேன் என்று சொன்னேன். வைக்கவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி வரை நீ வருகிறாயா என்று பார்ப்பேன். வந்தால் உன் கையில் கொடுக்கிறேன், நீயே கொண்டுபோய் அந்த அதிகாரியிடம் கொடு. வராவிட்டால் நான் போவேன். அவர் முன்னால் நின்று பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். ஆனால் சீட்டை மேசையில் வைப்பதற்குப் பேச வேண்டியதில்லை.