கை தூக்காத கவுன்சிலருக்கு

அன்பு ஜைனப் அக்கா,

கேம்ப் ரோட்டில் கடையை வழக்கம்போலத் திறக்கிறேன். பேட்டரி வாங்க வருகிறவர்கள் இன்னமும் "கவுன்சிலரம்மா தம்பிதானே?" என்கிறார்கள். கடைசித் தேர்தலில் நீ தோற்றதை மறந்துவிட்டார்கள் போல.

பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த உன்னைக் கட்சிதான் தேடி வந்து நிறுத்தியது. சேலையூரில் உன்னைத் தெரியாத வீடு இல்லையே, சுலபமாக ஜெயித்தாய். பிறகு அந்தத் தீர்மானம் வந்தது: ஏரியின் உபரிநீர்க் கால்வாயை மூடி, மேலே கடைகள் கட்டுவது. உன் கட்சிக்காரர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். நீ தூக்கவில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் மன்றத் தலைவர்.

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. மழைத் தண்ணி வேற எந்த வழியா போகும்னு சொல்லுங்க, தூக்குறேன்."

தீர்மானம் நிறைவேறியது, உன்னைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். நீ தெருத் தெருவாக ஆட்களைத் திரட்டினாய். கால்வாயை மூடும் வேலை நின்றது.

அடுத்த முறை சுயேச்சையாக நின்றாய். எதிர்க்கட்சி ஆள் நிறுத்தாமல் உனக்கு வேலை செய்தது. ஜெயித்ததும், இனி நீ தங்கள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கழிவுநீர் பம்ப் ஹவுஸ் பேச்சு வந்தது. இடம், நம் தெரு முனை. கொண்டுவந்தது உன்னை நீக்கிய அதே கட்சி. தெருவே எதிர்த்தது. நானும் வந்து கேட்டேன்.

"நாத்தம் வரும்க்கா. அவங்க உனக்குப் பண்ணதெல்லாம் மறந்துபோச்சா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நீ நிமிரவில்லை. "மறக்கலடா. ஆனா பள்ளமான இடம் இதுதான். கீழத் தெருவுல சாக்கடை வீட்டுக்குள்ள ஏறுது. யாரு கொண்டுவந்தா என்ன?"

அன்று கை தூக்கினாய். அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சியும் உன்னை விட்டுவிட்டுத் தன் ஆளையே நிறுத்தியது, நம் தெருவே உனக்கு ஓட்டுப் போடவில்லை. நான் போட்டேன், ஆனால் சந்தோஷமாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களிடம் நீயே போய்ப் பேசினாய். எப்படி முடிந்தது உனக்கு?

இந்த மழைக்குக் கீழத் தெருவில் யாரும் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் நாற்றம் வரத்தான் செய்கிறது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

போன வாரம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். பேனரில் போட உன் படம் வேண்டுமாம். "அம்மாவுக்கு அரசியல் சொல்லிக் குடுத்ததே நாங்கதான்" என்றார் ஒருவர். "சுயேச்சையா ஜெயிக்க வச்சது நாங்க" என்றார் மற்றவர். உன் மகள் ஷமீமா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா இருந்தப்ப ரெண்டு பேருமே வேணாம்னு சொன்னீங்க. இப்ப மட்டும் எதுக்கு சார்? டீ ஆறிடும், குடிங்க."

அவர்கள் விடப்போவதில்லை, தேர்தல் வருகிறது. ஆனால் எந்தக் கட்சிப் பேனரிலும் உன் முகம் இருக்காது, அக்கா. இருந்தால் நானே ஏணி போட்டு ஏறிக் கழற்றுவேன்.

உன்னோடு பாதி விஷயங்களில் ஒத்துப்போகாத உன் தம்பி,
அன்வர்