கேப்டன் அழக்கூடாதாம்

என் அழுமூஞ்சி அக்காவுக்கு,

மேலேயும் எல்லாரையும் அதட்டி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாயா? இங்கே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, கேள்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் கதை எழுதும் காமிக்ஸ் கம்பெனி உனக்குத் தெரியுமே. அங்கே புதிதாக ஒரு சூப்பர் நாயகி. பட்டாளத்தில் நர்ஸாக இருந்த கேப்டன், பறப்பாள். யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? தன் தோழி இறந்த அன்று இந்தக் கேப்டன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்விட்டு அழுகிறாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு பறந்துபோய் ஒரு பஸ் நிறைய ஜனத்தைக் காப்பாற்றுகிறாள்.

அந்த அழுகைப் பக்கத்தை எடிட்டர் அடித்துவிட்டார். "ஆர்மி பேக்ரவுண்ட் மேடம். அழுதா வீக்கா தெரிவா. தாடைய இறுக்கினா போதும், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"போன புக்ல உங்க ஹீரோ தன் நாய் செத்ததுக்கு மூணு பக்கம் அழுதானே சார்?"

"அது ஹ்யூமன் டச்."

அப்போ இவள் என்ன, மரக்கட்டையா?

லீவில் ஒக்கலிபுரம் வீட்டுக்கு வந்தால் உனக்கு முதல் வேலை அழுகைதானே? வார்டில் இறந்தவர்கள் பேரைச் சொல்லிச் சொல்லி அம்மா மடியில் அழுவாய். அரை மணியில் "பசிக்குது, சோறு போடும்மா" என்பாய். அழுததால் உன் ஊசி எந்த நரம்பைத் தவறவிட்டது?

ஆனால் எடிட்டரைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது? நீ போன அன்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மலர்வளையத்தோடு உன் அதிகாரிகள் தெருமுனையில் இறங்கினார்கள். நான்தான் அவள் வாயைப் பொத்தினேன். "சும்மா இரும்மா, ஆபீசருங்க வராங்க. கேப்டன் வீடு இது" என்றேன். அம்மா அடங்கிவிட்டாள். உள்ளே வந்த உன் மேஜர் மேடமோ, உன் முகத்தைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் அம்மா கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பத்து மாதத்தில் அவள் ஒரு சொட்டும் அழவில்லை. உன் பேரைக்கூட எடுப்பதில்லை. பாவி நான், என்ன காரியம் செய்துவிட்டேன் அக்கா!

அந்த அழுகைப் பக்கம் வராவிட்டால் புத்தகத்தில் என் பேரும் வராது என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டேன். உன் வருஷ நினைவு நாளுக்கு அம்மாவை சமாதிக்குக் கூட்டி வருகிறேன். எந்த ஆபீசர் வந்தாலும் வரட்டும். அவள் பாதியில் விட்ட ஒப்பாரிக்கு நானே அடியெடுத்துக் கொடுப்பேன். இது சத்தியம்.

உன்னை அழுமூஞ்சி என்று கேலி செய்த
உன் தங்கச்சி செல்வி