வர்றேன் என்று சொல்லிவிட்டேன், ரோஸி

என் கண்ணான ரோஸிக்கு,

நீ இருந்தபோது உன் மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுவேன். அதுவும் இன்லேண்டு லெட்டரில் முக்கால் பக்கம். இப்போது பதில் வராது என்று தெரிந்த பிறகு, பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, உன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் மெட்ராஸில் ஒரே விடுதி அறையில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்தவர்கள். எனக்குச் சூளையில் வீடு இருந்தும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி. அந்த விதிக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், உன்னை எனக்குக் கொடுத்தது அதுதான். பிறகு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். இந்தத் தை மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? "கரடிக்கு ஊசி போடப் போறியா?" என்றேன். நீ சிரித்தாய். எனக்கோ உள்ளுக்குள் அழுகை. என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற கோபம். அந்தக் கோபத்தில்தான் மூன்று வருடமும் உன்னைப் பார்க்க வராமல் இருந்தேன். ஒரு முறை மழை முடியட்டும் என்றேன், ஒரு முறை என் மகள் உமாவுக்குப் பரீட்சை என்றேன். எல்லாம் சாக்கு, ரோஸி. வந்திருக்கலாம். ஒரு நாள் பயணம்தானே?

கடைசியில் உன் டிரங்குப் பெட்டியை எடுக்கத்தான் வந்தேன். பம்பாயில் இருக்கும் உன் அண்ணன் லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதியிருந்தார். மாசி மாதம். போளூரிலிருந்து பஸ் மலை ஏற ஏற முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். உன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் குப்பாயி, உன் குவார்ட்டர்ஸைத் திறந்துவிட்டாள். இரண்டு அறை, ஒரு ஸ்டவ், கொடியில் உன் துவாலை. அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பஸ் ஏற்றிவிட ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதில் வெள்ளச்சியும் ஒருத்தி. உனக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீ மலைக்குப் போவதற்கு முன் முதல் பிள்ளை காலை முன்னால் நீட்டி வந்து, பிறந்த கொஞ்ச நேரத்தில் அதைப் பறிகொடுத்தவள். அப்போது மறுபடி ஐந்து மாதம். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். இன்ஜின் சத்தத்தில் கடைசியில் வந்த "வர்றீங்களா, சிஸ்டர்?" மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஊருக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்து "போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்பது வழக்கம்தானே? நானும் "வர்றேம்மா, வர்றேன்" என்று கையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உன் இடம் காலி, விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் விண்ணப்பத் தாள் ஒன்றை வாங்கி வந்து பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வாரம், போகலாம் என்று தோன்றும். அடுத்த வாரம், எனக்கென்ன பைத்தியமா என்று தோன்றும்.

என் பக்கத்து நியாயத்தையும் கேள். தெரு முனையில் மீன் கிடைக்கும் ஊர். உமா ஒன்பதாம் வகுப்பு. என் வீட்டுக்காரருடைய கடிகாரக் கடை இருபது வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் நான் வார்டு சிஸ்டர் ஆகலாம். பொங்கல், தீபாவளிக்குக்கூட மெட்ராஸை விட்டுப் போகாதவள் நான். மலையில் வந்து குளிரில் விறைத்து, யாரும் இல்லாமல், உனக்கு வந்ததுபோல எனக்கும் ஒன்று வந்துவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்?

அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்தபடியே, "அங்க பஸ்ஸே நேரத்துக்கு வராதுன்ற. எவன் வாட்ச் கட்டுவான்? நான் இன்னா பண்றது, புளி உலுக்கறதா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பேச்சு அத்தோடு நின்றது.

ஆனி மாதம் குப்பாயியிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது, கண்டக்டரிடம் சொல்லி எழுத வைத்திருந்தாள். அவள் பேசுவது அப்படியே இருந்தது. "வெள்ளச்சிக்கு மாசம் ஒம்போது ஆவுது. புள்ள திரும்பியே இல்ல, கீழ ஆஸ்பத்திரிக்கிப் போன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பஸ் ஏற மாட்டேன்றா. மெட்ராஸ் சிஸ்டர் வர்றேன்னு வாக்கு குட்த்துட்டுப் போனாங்க, அவங்க வராம நான் எங்கியும் வரமாட்டேன்னு குந்தினு கீறா. நீங்க எப்ப வர்றீங்க?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் எப்போது வாக்குக் கொடுத்தேன்? யாருக்குக் கொடுத்தேன்? மறுநாள் வார்டில் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஜன்னல் கம்பியும் அதைப் பிடித்திருந்த கையும் நினைவுக்கு வந்தன. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் கேட்டது வேறு வர்றீங்களா. நான் சொன்னது வேறு வர்றேன்.

"நான் அப்படி சொல்லலன்னு ஒரு கடுதாசி போட்டுடு" என்றார் அவர். நியாயம்தானே என்று உட்கார்ந்தேன். 'அன்புள்ள வெள்ளச்சிக்கு, நான் அன்று வர்றேன் என்று சொன்னது போகிறேன் என்ற அர்த்தத்தில்' என்று எழுதி, அதை நானே படித்துப் பார்த்தேன். ஒன்பது மாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு இதைக் கண்டக்டர் படித்துக் காட்டுவார். அவள் முகம் எப்படி மாறும்? கிழித்துப் போட்டுவிட்டு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். தங்குவதற்கு இல்லை. ஒரு வார்த்தையைத் திருத்தி, அவளைக் கீழே இறக்கிவிட்டு வருவதற்கு. அப்படித்தான் அவரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளச்சி வீட்டு வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு பஸ் கிட்ட இன்னா கேட்ட வெள்ளச்சி?"

"எனக்கு நாள் கிட்ட வர்றப்போ கூட வர்றீங்களான்னு கேட்டேங்க. வர்றேன்னீங்க."

"எனக்கு அது கேக்கலம்மா. நான் சொன்னது ஊருக்குப் போறப்போ சொல்ற வர்றேன். போய்ட்டு வர்றேன்னு சொல்வோமே, அது."

முறத்தில் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அதான் வந்துட்டீங்களே?" என்றாள்.

அவளைத் திருத்த வந்தவள் நான், ரோஸி. வார்டில் நாற்பது பேரை மிரட்டி மருந்து குடிக்க வைக்கிறவள். அவள் விடவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"பஸ்ல சொன்ன ஒத்த வார்த்தைய வச்சினா நான் குந்தினு இருந்தேன்னு நெனச்சீங்க? ரோஸிம்மா சொல்லினே இருந்தாங்க. 'கீழ போவறதுக்கு பயப்படாத, நான் கூட்டினு போறேன். எனக்கு முடியலன்னா எங்க அக்கா மெட்ராஸ்ல இருக்கா, அவ வருவா'ன்னு. கண்ணு மஞ்சளா போன அப்புறமும் அதையேதான் சொன்னாங்க. நீங்க பெட்டி எடுக்க வந்தப்போ, சரி அக்கா வந்துட்டாங்கன்னு நாங்கதான் பேசிக்கினோம்."

அக்காவா? யார் அக்கா? என்னைவிட நீ பதினொரு நாள் மூத்தவள். விடுதியில் அதைச் சொல்லிச் சொல்லியே ஜன்னலோரக் கட்டிலைப் பிடுங்கிக்கொண்டவள். வாடி, போடி தவிர வேறு எதையாவது நாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோமா? இந்த மூன்று வருடமும் மலை முழுக்க என்னை அக்காவாக்கி வைத்திருக்கிறாய். ரோஸிக்கு எப்படி வசந்தா அக்கா ஆனாள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. என்னை யாரும் அக்கா என்று சொன்னதே கிடையாது. வெள்ளச்சியின் வாசலில், அவள் பார்க்கிறாள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. நான் வராத அந்த மூன்று வருடமும் நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ நான் வருவேன் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். ஏன்டி இப்படிச் செய்தாய்?

மறுநாள் காலை பஸ்ஸில் அவளும் அவள் புருஷனும் நானும் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி எடுத்தது நான். கீழே ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டரம்மா. நாலு நாள் லீவு, தந்தி அடித்து ஒன்பது நாளானது. ஆறாம் நாள் வலி எடுத்தது. பிள்ளை இந்த முறையும் கால்தான் முதலில். டாக்டரம்மா பதறவில்லை, நானும் பதறாதவள்போல் நின்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதது பார், வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். பெண் குழந்தை. உன் பெயரை வைப்பார்கள் என்று எதிர்பார்க்காதே, குலதெய்வத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ரோஸி என்று வைத்தால் கூப்பிட வாய் வராது என்று குப்பாயி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

மெட்ராஸ் திரும்பியதும் பீரோவைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம், "போளூர்ல கல்யாணத்துக்கு மாப்ளைக்கு வாட்ச் போடுவாங்க இல்ல?" என்றார். அவ்வளவுதான் அவர். ஆனால் மறுநாள் கடையில் சாவி கொடுத்த கடிகாரங்களை எல்லாம் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இருபது வருடக் கடை, ரோஸி. எனக்காக அந்த மனிதர் என்னவெல்லாம் விட வேண்டியிருக்கிறது!

உமா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "உனக்கு ரோஸி ஆன்ட்டி ஃப்ரெண்டு, எனக்கும் ஃப்ரெண்டுங்க இருக்காங்கல்ல?" என்று கேட்டாள். அவள் கேட்டது தப்பா? நீதான் சொல்லேன். இந்த வருடப் படிப்பு முடியும்வரை அவள் அப்பாவோடு இங்கேயே இருக்கட்டும், சித்திரையில் இருவரும் போளூருக்கு வரட்டும் என்று பேசியிருக்கிறோம். "பார்க்கலாம்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நீ போனபோது நானும் இப்படித்தானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்?

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். உத்தரவும் வந்துவிட்டது. ஆவணியில் சேர வேண்டும். தியாகம், சேவை என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இன்னும் குளிர் பயம், அட்டைப் பயம், அந்த மலைப் பாதை பயம். ஆறு மாதத்தில் ஓடி வந்துவிடுவேனோ என்றுகூட இருக்கிறது. நீ இருக்கும்போது வராதவள், நீ இல்லாத வீட்டுக்குக் குடி வருகிறேன். இந்த வலி போகுமா என்று தெரியவில்லை, போக வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

ஆனால் உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பேன். உடம்புக்கு முடியாமல் போனால் உன்னைப்போல் மறைத்து வைக்காமல் கீழே இறங்கிவிடுவேன். கீழே போகப் பயப்படுகிற எந்தப் பெண்ணையும் தனியாக பஸ் ஏற்ற மாட்டேன். அந்த மலையில் யாராவது, "நீங்க ரோஸிம்மாவோட கூடப் பொறந்த அக்காங்களா?" என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அதை மட்டும் ஒருநாளும் திருத்த மாட்டேன்.

உன்னைவிடப் பதினொரு நாள் இளைய
உன் அக்கா,
வசந்தா